எண்ணிக்கை பேச்சில் சேராது

கையைக் காட்டுங்கள் தம்பி. பயப்பட வேண்டாம், நான் ஜோசியம் பார்க்கிறவன் இல்லை. உள்ளங்கையைக் கொஞ்சம் குவியுங்கள். குழாயில் தண்ணீர் பிடித்துக் குடிப்பது போல. அப்படி இல்லை, விரல்களுக்கு நடுவில் சந்து விடக்கூடாது. கட்டைவிரலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ம். பரவாயில்லை. ஆனாலும் நீங்கள் எனக்கு ஜோடி ஆகமாட்டீர்கள். எழுந்து நின்றால் என்னைவிட ஒரு சாண் உயரம் இருப்பீர்கள். எனக்கு ஐந்தடி நாலங்குலம்தான் சரி. அதில் அரை அங்குலம் கூடினாலும் தட்டு மாறிவிடும்.

இந்தக் குவிந்த கையால் முதுகில் தட்ட வேண்டும். ‘பொத்து, பொத்து’ என்று சத்தம் வர வேண்டும். ‘பளார்’ என்று வந்தால் கை தப்பு, அது வைத்தியம் இல்லை, அடி. நுரையீரலில் பசை மாதிரி ஒட்டிக்கிடக்கிற சளி அந்த அதிர்வில் கழன்று மேலே வரும். எனக்கு மாத்திரை இருக்கிறது, உறிஞ்சுகிற மருந்து இருக்கிறது. ஆனால் தட்டு இல்லாவிட்டால் சளி அசையாது. மூன்று வாரமாக எனக்குத் தட்டு இல்லை. அதனால்தான் இந்த பஸ்.

சிங்காநல்லூரில் ஏறும்போதே உங்களைப் பார்த்துவிட்டேன். கண்டக்டரிடம் ‘தயவுசெய்து கண்ணம்பாளையம் ஒன்று’ என்றீர்கள். டவுன் பஸ்ஸில் தயவுசெய்து சொல்கிற ஆள் ரொம்ப வருஷம் வெளியே இருந்துவிட்டு வந்தவராகத்தான் இருக்க வேண்டும். நல்லது. உள்ளூர்க்காரர் என்றால் என் பக்கமோ, நான் பார்க்கப் போகிறவன் பக்கமோ பேசுவார். உங்களுக்குப் பக்கம் கிடையாது. அதற்காகத்தான் உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். வேறு சீட் இல்லாமல் இல்லை.

ஒரு நிமிஷம். மூச்சு.

இப்படி உதட்டைக் குவித்து மெதுவாக விட வேண்டும். எதிரில் ஒரு விளக்கு எரிகிறது, சுடர் ஆடலாம், அணையக்கூடாது. பிரின்ஸி சொல்லிக் கொடுத்தது. பிரின்ஸி யார் என்று சொல்கிறேன். முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன்.

மாரப்பன். முப்பத்தொரு வருஷம் மில்லில் கார்டிங்கில் வேலை. பஞ்சைச் சீவுகிற இடம். மில்லை மூடி இருபது வருஷம் ஆகிறது. அந்த இடத்தில் இப்போது நாலு அடுக்குமாடி, நடுவில் நீச்சல் குளம். ஆனால் சங்கத்தை யாரும் கலைக்கவில்லை. கலைப்பதற்குப் பொதுக்குழு கூட்ட வேண்டும். ஆகவே சட்டப்படி நான் இன்றைக்கும் கிளைச் செயலாளர். உறுப்பினர்களில் மிச்சம் இருப்பதும் நான்தான். வருகைப்பதிவு நூறு சதவீதம்.

நான் பேசுவது நோட்டீஸ் மாதிரி இருக்கிறதா? முப்பது வருஷம் நோட்டீஸ் எழுதிய கை. வாயும் அப்படியே ஆகிவிட்டது. என் வீட்டுக்காரி நாச்சம்மாள் சொல்வாள், “உப்புக் கேக்கறதுக்குக்கூட இந்த மனுசன் வன்மையாக் கேட்டுக்கறாரு” என்று.

கிட்டுசாமி எங்கள் எதிர்ச் சங்கத்துக் கிளைச் செயலாளர். ப்ளோ ரூமில் வேலை. பொதி பிரித்துப் பஞ்சை உதறுகிற இடம், எங்களைவிட அங்கே தூசி அதிகம். அவன் சங்கத்திலும் இப்போது அவன் ஒருவன்தான். எண்ணிக்கையில் இரண்டு சங்கமும் சம பலம் என்று அவன் சொல்லிக்கொள்கிறானாம். சொல்லட்டும்.

அவனுக்கும் எனக்கும் இருபத்தெட்டு வருஷமாகப் பேச்சு இல்லை.

காரணம் கொடிக்கம்பம். சிரிக்காதீர்கள். மில் வாசலில் எங்கள் நீலக் கொடிக்கு ஒரு கம்பம், அவர்கள் மஞ்சள் கொடிக்கு ஒரு கம்பம். இரண்டும் பதினைந்தடி. ஒரு மே தினத்துக்குக் கிட்டுசாமி தங்களுடையதைப் பதினெட்டு ஆக்கினான். நாங்கள் இருபது போட்டோம். அவர்கள் இருபத்து மூன்று. நாங்கள் இருபத்தைந்து. சம்பள உயர்வுக் கோரிக்கை ஒரு மூலையில் கிடந்தது, யாருக்கும் அதைப் படிக்க நேரமில்லை. கடைசியில் ஒரே நாளில் நாங்கள் முப்பத்திரண்டடி இரும்புக் குழாயைக் கயிறு கட்டி நிமிர்த்துகிறோம், பக்கத்தில் அவன் முப்பத்து மூன்றை நிமிர்த்துகிறான். மேலே போய் இரண்டும் உரசி, பின்னி, அப்படியே சாய்ந்து மில்லுக்குப் போகிற கரண்டுக் கம்பியில் படுத்துவிட்டன. நல்லவேளை, எல்லோரும் கயிற்றைப் போட்டுவிட்டு ஓடினோம். மில் மூன்று நாள் நின்றது. இரண்டு சங்கமும் சேர்ந்து நடத்திய ஒரே முழு வேலைநிறுத்தம் அதுதான்.

விசாரணையில் எந்தக் கம்பம் முதலில் சாய்ந்தது என்று கேட்டார்கள். அவனுடையது என்று நான் சொன்னேன். என்னுடையது என்று அவன் சொன்னான். இரண்டு பேருக்கும் ஆறு மாத சஸ்பென்ஷன். அன்று சாயங்காலம் வாசல் கூட்டத்தில் நான் மைக்கில் அறிவித்தேன்: “இனி இந்த ஆளோடு நான் பேசமாட்டேன். நான் முதலில் பேசினால் எங்கள் சங்கம் தோற்றது என்று எழுதிக்கொள்ளுங்கள்!” பத்தடி தள்ளி அவனுக்கும் ஒரு மைக். அவனும் அதையே சொன்னான். ஒரு சொல் மாறாமல் சொன்னான். சொந்தமாக ஒரு வாக்கியம் அமைக்கத் தெரியாது.

அதற்கு முன்னாலா? அதற்கு முன்னால் இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் ஷிப்டுக்குப் போவோம். போகும்போது நான் மிதிப்பேன், வரும்போது அவன் மிதிப்பான். அது இந்த விஷயத்துக்குச் சம்பந்தமில்லை, விடுங்கள்.

சரி, நெஞ்சுக்கு வருகிறேன். மில்லில் வேலை செய்தபோதே எங்களுக்குத் திங்கட்கிழமை நெஞ்சு பிடிக்கும். ஞாயிறு லீவில் நன்றாக இருப்போம், திங்கள் உள்ளே போனதும் யாரோ மேலே ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கும். லீவு முடிந்த சோம்பல் என்றார் மேனேஜர். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். பஞ்சு என்று யாரும் சொல்லவில்லை. எழுபது வயதில் ஓர் அறக்கட்டளை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் டாக்டர் சொன்னார். தேய்ந்துபோனது திரும்ப வராது, இருப்பதைச் சுத்தமாக வைத்துக்கொள்ளலாம் என்றார். சுத்தம் பண்ணுகிற வழிதான் தட்டு. கீழே பிசியோதெரபி அறைக்கு அனுப்பினார்.

அங்கேதான் பிரின்ஸி. மார்த்தாண்டத்துப் பெண், இருபத்தாறு வயது இருக்கும். செவ்வாயும் வெள்ளியும் வரும். நோயாளிகள் இருபது பேர், தட்டுகிற கை இரண்டே இரண்டு. அந்தப் பெண் ஒரு யோசனை செய்தது. நோயாளிகளையே ஜோடி சேர்த்து, ஒருவருக்கொருவர் தட்டிக்கொள்ளக் கற்றுக்கொடுத்தது. முதுகு எட்ட வேண்டும், மணிக்கட்டு நோகக்கூடாது என்பதற்காக உயரம் பார்த்து ஜோடி. பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர் மாதிரி எங்களைச் சுவரோரமாக வரிசையில் நிற்க வைத்து, குட்டையிலிருந்து நெட்டை வரை அளந்துகொண்டே வந்தது. ஐந்தடி நாலங்குலம், இரண்டு பேர். ஒருவன் நான். திரும்பிப் பார்க்கிறேன், பக்கத்தில் கிட்டுசாமி.

கம்பம் போட்ட காலத்தில் ஒருவனைவிட ஒருவன் உயரமாக நிற்கப் பார்த்தோம். அந்தப் பெண் ஒரு ஸ்கேலை வைத்து ஒரே நிமிஷத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. சமம்.

“ஐயா, நீங்க ரெண்டு பேரும் ஜோடி” என்றது.

“இந்த ஆளோட எனக்குப் பேச்சு இல்லைம்மா” என்றேன்.

கிட்டுசாமி சுவரைப் பார்த்துச் சொன்னான், “எனக்கும் இல்லைன்னு அவருக்குச் சொல்லும்மா.”

“பேச வேண்டாம் ஐயா. அடிக்கத்தானே சொல்றேன்” என்றது.

யோசித்துப் பாருங்கள் தம்பி. இருபத்தெட்டு வருஷமாக எவன் முதுகில் ஒன்று வைக்க வேண்டும் என்று இருந்தேனோ, அவன் முதுகை டாக்டர் சீட்டோடு என் கையில் கொடுக்கிறார்கள். வாரம் இரண்டு நாள், ஒரு இடத்துக்கு நூறு தட்டு, ஆறு இடம். யாருக்குக் கிடைக்கும்? ஒரே கஷ்டம், முடித்ததும் அவனும் எனக்கு அறுநூறு தட்டுவான்.

முதல் நாள் அவன் குனிந்து தலையணையில் சாய்ந்ததும், ஒரு மஞ்சள் டவலை முதுகில் போட்டுக்கொண்டான். வெறும் தோலில் தட்டக்கூடாது, துணி வேண்டும். வேண்டுமென்றே மஞ்சள். நான் கையை ஓங்கினேன். பளார்.

பிரின்ஸி ஓடி வந்தது. “ஐயா, அது சத்தம் தப்பு! ஒரு சோப்புக்குமிழியை உள்ளங்கையில வச்சிருக்கீங்கன்னு நினைச்சுக்கோங்க. உடையக்கூடாது.” எட்டு நாள் பயிற்சி எடுத்தேன். வீட்டில் தலையணையில் தட்டித் தட்டி, நாச்சம்மாள் தலையணையைப் பிடுங்கிக்கொண்டாள். எதிரியை வலிக்காமல் அடிக்க நான் இவ்வளவு பாடுபட்டிருக்கிறேன்.

அடுத்து ஒரு சிக்கல். வலிக்கிறதா, கீழே தட்டவா, போதுமா என்று தட்டுகிறவன் கேட்க வேண்டும். நாங்கள் கேட்கமாட்டோம். பிரின்ஸி தலையில் கை வைத்துக்கொண்டது. பிறகு, “சரி, தட்டுறவர் சத்தமா எண்ணுங்க. வலிச்சா குனிஞ்சிருக்கிறவர் முழங்கால்ல ஒரு தட்டுத் தட்டுங்க. எண்ணுறது பேச்சு இல்லையே?” என்றது.

இதை நான் உடனே ஒத்துக்கொள்ள முடியாது. கொள்கைப் பிரச்சினை. வீட்டுக்கு வந்து செயற்குழுவைக் கூட்டினேன். ஆமாம், நான் ஒருவன்தான். நாச்சம்மாள் பார்வையாளராக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சிகிச்சை நிமித்தம் சொல்லப்படும் எண்கள் பேச்சில் சேராது என்று தீர்மானம் போட்டு, நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த செவ்வாய் பிரின்ஸி சொன்னது, “கிட்டுசாமி ஐயாவும் ஒரு தாள் கொண்டு வந்தாரு. இதேதான் எழுதியிருக்கு.” சொன்னேன் இல்லையா, சொந்தமாக எதுவும் வராது.

இப்படி எட்டு மாதம். எண் மட்டும்தான். எண்ணுவதில் என்னை யாரும் மிஞ்ச முடியாது தம்பி, அதைச் சொல்லிவிடுகிறேன். எதிர்ச் சங்கம் கூட்டம் போட்டால் டீக்கடையில் நின்று தலை எண்ணுவது என் வேலை. முந்நூற்றுப் பன்னிரண்டு என்றால் முந்நூற்றுப் பன்னிரண்டுதான். பக்கத்தில் வேட்டு வெடித்தாலும் எண் தவறாது. எட்டு மாதத்தில் அவன் முதுகில் ஒரு தட்டுகூட நான் விட்டதில்லை.

அவன் எண்ணுவது வேறு மாதிரி. இழுப்பான். இருபத்தேழை அவன் சொல்கிற விதத்தில் காலையில் இன்சுலின் போட்டானா இல்லையா என்று தெரிந்துவிடும். மகள் வீட்டில் ஏதாவது மனத்தாங்கல் என்றால் நாற்பதுக்கு மேல் வேகம் பிடிப்பான். சந்தோஷமாக இருந்தால் தொண்ணூற்றொன்பதில் நிறுத்தி, கொஞ்சம் காக்க வைத்து, நூறு என்பான். இதையெல்லாம் நான் கவனிப்பது எதிரியை அறிந்து வைத்திருக்க வேண்டும் என்பதற்காக. வேறொன்றும் இல்லை.

வாரம் இரண்டு நாள் போதாது, நடுவிலும் தட்டிக்கொள்ளுங்கள் என்று பிரின்ஸி சொன்னதால் ஞாயிற்றுக்கிழமைகளில் குளத்தங்கரைப் பூங்காவில் சந்தித்தோம். நேரத்தைப் பிரின்ஸி இரண்டு பேருக்கும் தனித்தனியாகச் சொல்லும். ஒரு நாள் அவன் பெஞ்சில் குனிந்திருக்கிறான், நான் பொத்து பொத்து என்று நாற்பத்திரண்டில் இருக்கிறேன். பின்னாலிருந்து என் கையை ஒருவர் பிடித்தார். போலீஸ்காரர்.

“யோவ் பெருசு, எதுக்குய்யா அந்த ஆளைப் போட்டு அடிக்கிற?”

“அடிக்கலீங்க சார், வைத்தியம்.”

“அவரு உனக்கு யாரு?”

எனக்குப் பொய் வராது. “எதிரிங்க சார்” என்றேன்.

“எதிரியை அடிக்கிற. ஆனா அடிக்கல.” அவர் கிட்டுசாமியைப் பார்த்து, “நீங்க சொல்லுங்கய்யா. பயப்படாதீங்க. எவ்வளவு நேரமா அடிக்கிறான்?”

அவனுக்கு மூச்சு வாங்கியது. “இன்னும்... அம்பத்தெட்டு... பாக்கி இருக்குங்க” என்றான்.

போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றினார். “முடிஞ்சதும்?”

“முடிஞ்சதும் அவரு என்னைய அடிப்பாருங்க” என்றேன்.

அவர் பெஞ்சின் மறு முனையில் உட்கார்ந்து முழுவதையும் பார்த்தார். ஆறு இடம், இரண்டு பேர். கடைசியில், “எங்கம்மாவுக்கும் ராத்திரியெல்லாம் இழுக்குது. இப்படித் தட்டலாமா?” என்று கேட்டார். டாக்டரைக் கேட்காமல் தட்டக்கூடாது என்று ஆஸ்பத்திரி விலாசம் கொடுத்து அனுப்பினோம். ‘அனுப்பினோம்’ என்றால், நான் பாதி விலாசம் சொன்னேன், அவன் மீதியைச் சொன்னான். இரண்டு பேரும் போலீஸ்காரரிடம்தான் சொன்னோம். அதில் விதிமீறல் இல்லை.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு செவ்வாய், அவன் வரவில்லை. வெள்ளியும் வரவில்லை. ஞாயிறு பூங்காவில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். காற்று வாங்கத்தான். அவனுக்குக் காய்ச்சல் வந்து நெஞ்சில் இறங்கி, ஒரு வாரம் ஆஸ்பத்திரி பெட்டில் இருந்துவிட்டு மகள் ரேணுகா வீட்டுக்கு, கண்ணம்பாளையத்துக்குப் போய்விட்டான் என்று பிறகு பிரின்ஸி சொன்னது. எனக்கு ஒரு தகவல் இல்லை. எப்படிச் சொல்வான், பேச்சுத்தான் இல்லையே.

பிரின்ஸி எனக்கு ஒரு டெய்லரை ஜோடி சேர்த்துப் பார்த்தது. அந்த ஆள் தைக்கிற மாதிரி தட்டினார், கடகடவென்று. ஒன்றும் வரவில்லை. நாச்சம்மாள் தட்டினாள். நாற்பத்தாறு வருஷக் கல்யாண வாழ்க்கையையும் சேர்த்துத் தட்டினாள். சளி அசையவே இல்லை. என் சளிக்கு அவன் கை பழகிவிட்டது தம்பி. இது உடம்பு விஷயம், மனசு விஷயம் இல்லை.

“அந்த மனுசன் வராம உங்களுக்குச் சோறே இறங்கலை. ஒரு போன் போட்டுக் கேட்டாத்தான் என்ன?” என்றாள்.

போட்டேன். அவன்தான் எடுத்தான். என் நம்பர் தெரிந்திருக்க வேண்டும், ஹலோ சொல்லவில்லை. ஹலோ சொன்னால் பேசியதாக ஆகும். நானும் சொல்லவில்லை. நாலு நிமிஷம் இரண்டு பேரும் பேசாமல் இருந்தோம். அவன் பக்கம் ஏதோ ஒரு மெஷின் ஓடுகிற சத்தம். அதற்கு நடுவில் அவன் மூச்சு. இடது பக்கம் அடியில் அடைத்திருந்தது. எட்டு மாதம் அந்த முதுகில் கை வைத்தவனுக்குத் தெரியாதா? கொழகொழவென்று கேட்டது. யாரும் தட்டவில்லை, அல்லது தப்பான இடத்தில் தட்டுகிறார்கள். கடைசியில் அவன்தான் முதலில் போனை வைத்தான். அதிலும் நான்தான் ஜெயித்தேன்.

ஜெயித்துவிட்டு இரண்டு நாளாக எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

ஆகவே இந்த டவலைக் கொடுக்கப் போகிறேன். அவன் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுப் போனது. மஞ்சள் நிறம் வெளியே தெரியக்கூடாது என்று பேப்பரில் சுற்றி வைத்திருக்கிறேன். துவைத்து இஸ்திரி போட்டது நான்தான், எதிரியின் கொடியாக இருந்தாலும் அழுக்காகத் திருப்பிக் கொடுப்பது மரியாதை இல்லை.

நீங்கள் எனக்கு ஓர் உதவி செய்ய வேண்டும். என்னோடு அந்த வீடு வரை வாருங்கள். பத்து நிமிஷம். நான் சொல்வதை நீங்கள் அவனிடம் சொல்ல வேண்டும், அவன் சொல்வதை என்னிடம் சொல்ல வேண்டும். காதில் விழும்தான், ஆனாலும் நீங்கள் சொன்னால்தான் செல்லும். சரி என்கிறீர்களா? தயவுசெய்து.

பாருங்கள், எனக்கும் வருகிறது.

*

மெதுவாக நடக்கலாம். கோயில் தாண்டி மூன்றாவது வீடு, பச்சை கேட் என்று பிரின்ஸி எழுதிக் கொடுத்திருக்கிறது. நில்லுங்கள். விளக்கு அணையாமல் ஊதிக்கொள்கிறேன்.

ம். போகலாம்.

நீங்கள் உள்ளே போனதும், ‘மாரப்பன் இந்தப் பக்கம் வேறு வேலையாக வந்தார்’ என்று ஆரம்பியுங்கள். என்ன வேலை என்று கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடுங்கள்.

இதுதான். வணக்கம்மா. ரேணுகாதானே? நான் சும்மா, டவல். இவர் என்னோடு வந்தவர். என்னம்மா, தட்டவே விடமாட்டேன் என்கிறானா? நீ தட்டினால் கை தப்பு என்கிறானா? பிரின்ஸி போனில் சொல்லியும்? மெதுவாகத் தட்டலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டாரா? பிறகு? நாளைக்குள் சளி வெளியே வராவிட்டால் மறுபடி பெட்டில் சேர்க்க வேண்டுமா?

அழாதேம்மா. எங்கே இருக்கிறான்?

*

தம்பி, கொஞ்சம் என் பக்கத்தில் நில்லுங்கள்.

இவ்வளவு இளைப்பானா ஒருவன், மூன்று வாரத்தில்? அந்த மெஷினில் இருந்து மூக்குக்கு ஒரு டியூப். தோள் இறங்கிவிட்டது. ஓர் அங்குலமாவது குறைந்திருக்கிறான். பிரின்ஸி ஸ்கேலை வைத்தால் ஜோடி செல்லாது. அதனால்தான் கொஞ்சம் வளைந்து நிற்கிறேன், எனக்கு இடுப்பில் ஒன்றும் இல்லை.

சொல்லுங்கள், வேறு வேலையாக வந்தேன் என்று.

கேட்டீர்களா? ‘கண்ணம்பாளையத்துல அவருக்கு என்ன வேலைன்னு கேளுங்க’ என்கிறான். நான் சொன்னேன் இல்லையா? சங்க வேலை என்று சொல்லுங்கள். ‘உறுப்பினர் சேர்க்கையா’ என்றா கேட்கிறான்? நாலு சொல்லுக்கு மூன்று தடவை மூச்சு வாங்குகிறான், குத்தல் மட்டும் குறையவில்லை பாருங்கள்.

டவலைக் கொடுங்கள். விரித்து முதுகில் போடச் சொல்லுங்கள். ரேணுகா, அந்தத் தலையணையை மடியில் வையம்மா, அதன் மேல் சாயட்டும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆயிற்றா? சரி. டியூப் மூக்கிலேயே இருக்கட்டும். கிண்ணம் ஒன்று பக்கத்தில் வை. தம்பி, நான் தட்டப் போகிறேன் என்று அவனிடம் சொல்லுங்கள். என்ன சொல்கிறான்?

குனிந்துவிட்டான்.

இடது பக்கம் அடியில் ஆரம்பிக்கிறேன். முதுகெலும்பில் படக்கூடாது, சிறுநீரகம் வரை கை இறங்கக்கூடாது, இதோ இந்த இடம். ஒன்று, இரண்டு, மூன்று. சத்தத்தைக் கேளுங்கள், பொத்து, பொத்து. நாலு, ஐந்து. எலும்பு கையில் படுகிறது. ஆறு. சோப்புக்குமிழி உடையக்கூடாது. ஏழு, எட்டு.

இருபத்தொன்பது, முப்பது. எண்ண வேண்டியவன் நான், அவன் உதடும் அசைகிறது பாருங்கள். கூடவே எண்ணுகிறான். என் மேல் நம்பிக்கை இல்லை. முப்பத்தொன்று.

ஐம்பத்தேழு. இன்னும் அசையவில்லை தம்பி. பசை போட்ட மாதிரி இருக்கிறது. ஐம்பத்தெட்டு. ரேணுகா, நீ அந்தப் பக்கம் போய் நில்லு, அவன் முகத்துக்கு எதிரில் அழாதே. ஐம்பத்தொன்பது. போனில் கேட்டதைவிட மோசம். அறுபது. அறுபத்தொன்று. நாளைக்கு பெட் எல்லாம் வேண்டாம், நான் காலையில் முதல் பஸ்ஸுக்கே வந்துவிடுகிறேன், தினமும் வருகிறேன் என்று சொல்லுங்கள். அறுபத்து நாலு.

என்ன? விரலைத் தூக்குகிறானா? முழங்காலில் தட்டினால்தான் வலி. விரலுக்குத் தீர்மானம் இல்லை. அறுபத்தைந்து.

‘அறுபத்திரெண்டு’ என்கிறான். கேட்டது. பரவாயில்லை, எண் பேச்சில் சேராது, நான்தான் எழுதியிருக்கிறேன். இரண்டு எண் விட்டுவிட்டேன் என்கிறானா? நானா? சொல்லுங்கள் தம்பி, எட்டு மாதத்தில் ஒரு தட்டுகூட நான் விட்டதில்லை என்று. அறுபத்தாறு. அறுபத்தேழு.

“அறுவத்திரெண்டு! ஒழுங்கா எண்ணுடா மாரப்பா!”

கேட்டீர்களா? கேட்டீர்களா தம்பி? ரேணுகா, நீயும் கேட்டாய்! இது எண் இல்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டான். என் முகத்தைப் பார்த்துக் கூப்பிட்டான். இருபத்தெட்டு வருஷம்! அவன்தான் முதலில் பேசினான், நீங்கள் சாட்சி. இன்றைக்குத் தேதி என்ன? மணி? எழுதிக்கொள்ளுங்கள். மஞ்சள் சங்கம் தோற்றது!

சிரிக்கிறான் பாருங்கள். தோற்றவன் சிரிக்கிறான். ரேணுகா, கிண்ணம், கிண்ணம்! சிரிப்பில் இருமல் வருகிறது, விடு, நல்லது, வரட்டும். கண்ணாடியில் ஆவி படிகிற மாதிரி ஹா என்று ஊதச் சொல்லு. இன்னும். இன்னும் ஒரு தடவை. வந்துவிட்டது! அடேங்கப்பா, எவ்வளவு! மூன்று வாரத்துச் சரக்கு. துடைத்துவிடும்மா. கேட்கிறதா மூச்சு? அந்தக் கொழகொழப்பு குறைந்திருக்கிறதா? என் காதுக்குக் குறைந்திருக்கிறது.

நீங்கள் கிளம்புங்கள் தம்பி, உங்கள் வேலையைக் கெடுத்துவிட்டேன். நான் இருக்கிறேன். இன்னும் ஐந்து இடம் பாக்கி. அது முடிந்ததும் அவன் தெம்பாக இருந்தால் எனக்கு ஒரு பத்துத் தட்டாவது தட்டட்டும், இல்லாவிட்டால் நாளைக்கு. விட்டுப்போன எண்ணா? பேச்சுவாக்கில் விட்டுப்போனது. வேறு எப்படிப் போகும்?

என்னவோ சொல்கிறான். விட்ட இடத்திலிருந்து ஆரம்பிக்கச் சொல்கிறான். இல்லை, இருங்கள், நீங்கள் சொல்ல வேண்டாம். நானே சொல்லிக்கொள்கிறேன்.

சரிடா கிட்டு. குனி. அறுபத்திரெண்டு.